பழைய என்எஸ்ஆரும் அக்கா மகனின் ஆர்15-உம்

என்னுடைய மோட்டார்சைக்கிள் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட 2028 ஜூன் 30 வரைதான் அனுமதி. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் கெடு. இதை அரசாங்கம் 2018-லேயே அறிவித்துவிட்டது. முன்கூட்டியே ஒப்படைப்பவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் தந்தார்கள். 2023 ஏப்ரலோடு அந்தச் சலுகை முடிந்தது. கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். நான் கொடுக்கவில்லை. புகை விஷயத்தில் அரசாங்கம் சொல்வதில் தவறே இல்லை. என் வண்டி ‘டூ ஸ்ட்ரோக்’. எண்ணெயைப் பெட்ரோலோடு சேர்த்து எரிக்கும். காலையில் புளோக்கின் கீழே கிளப்பினால் மூன்றாம் மாடி ஆன்ட்டி ஜன்னலைச் சாத்துவது எனக்குக் கேட்கும்.

வண்டி ஹோண்டா என்எஸ்ஆர் 150 எஸ்பி, தாய்லாந்தில் தயாரானது. 1990களின் இறுதியில் இங்கே 2பி உரிமம் எடுத்த இளைஞர்களில் பாதிப்பேர் இதைப் பார்த்து ஏங்கியவர்கள்தான். மிக் டூஹன் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை 500 சிசி உலகப் பட்டத்தை வென்ற காலம் அது. அவர் ஓட்டியதும் ஒரு என்எஸ்ஆர்தான். ரெப்சோல் நிறத்தில் இருந்த 150-ஐப் பார்த்தால் அதன் தம்பியைப் பார்த்தது போல இருக்கும்.

இப்போது இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். போன வருஷம் 2பி பாஸ் செய்து, தவணையில் ஒரு யமஹா ஆர்15 வாங்கினான். புது வண்டி, நீல நிறம். வாங்கிய இரண்டாம் மாதமே, “மாமா, என் வண்டியை நீங்க ஓட்டிப் பாருங்க, உங்க வண்டியை ஒரு தடவை எனக்குக் கொடுங்க” என்று ஆரம்பித்தான். அதற்கு மறுநாள் அக்காவிடமிருந்து போன். “அந்த வண்டியை மட்டும் அவன் கையில கொடுத்துடாதடா.”

அக்காவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அவள் சொல்லும் காரணம் எனக்கும் தெரியும். நாங்கள் தோ பாயோவில் இருந்த காலத்தில் அடுத்த புளோக் பையன் ஒருவன் இதே மாதிரி வண்டியில் ஓர் இரவு போய்த் திரும்பவில்லை. எந்த வளைவு, எவ்வளவு வேகம் என்று எங்களுக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் அக்காவைப் பொறுத்தவரை அந்த வண்டியின் பெயரே போதும்.

அதனால், கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன், அவனுடைய ஆர்15-ஐ நான் வாங்கி மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன். அவனுக்கு எது பழக்கமாகியிருக்கிறது, என் வண்டியில் எது அவனை ஏமாற்றும் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. காகிதத்தில் இருக்கும் கணக்கு அதற்கு உதவாது. கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் குதிரைத்திறனைப் பேசுவார்கள், உச்ச வேகத்தைப் பேசுவார்கள். இந்தத் தீவில் விரைவுச்சாலையிலேயே 90-க்கு மேல் போக அனுமதி இல்லை. உச்ச வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டி எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது, கை தவறினால் மன்னிக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி.

முதலில் திரும்புவதைப் பார்ப்போம். இதில் என் கிழவன் இன்னும் தோற்கவில்லை. நியோ தியூ சாலையில் கிராஞ்சிப் பக்கமாக உள்ளே போனால் இடமும் வலமுமாகச் சின்னச் சின்ன வளைவுகள் வரும். அங்கே என்எஸ்ஆரின் கைப்பிடியை விரலால் தள்ளினாலே போதும், சாய்ந்துவிடும். பின் டயர் ஒல்லி. ஆர்15-க்கு 140 அகலம். அகலமான டயர் பார்க்க நன்றாக இருக்கும், நேராகப் போகும்போது திடமாக இருக்கும், ஆனால் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்க்க வேண்டும். சாய்க்கும்போது கைப்பிடியில் எதிர்ப்பும் சற்று அதிகம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வும் கேம் தண்டும் இல்லாததால் எஞ்சினே சின்னது. மொத்தத்தில் என் வண்டி ஆர்15-ஐவிடச் சில கிலோ இலேசு. எண்ணிக்கையில் அது பெரிதல்ல. ஆனால் ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்கு வண்டியைப் புரட்டும்போது அந்தச் சில கிலோ இடுப்பிலும் தோளிலும் தெரியும்.

ஆர்15 வேறு மாதிரி. சட்டமும் முன் ஃபோர்க்கும் இறுக்கம். தலைகீழ் ஃபோர்க், தடித்த குழாய். சாய்த்த பிறகு சொன்ன இடத்தில் நிற்கும். வளைவின் நடுவே ஒரு மேடு பள்ளம் வந்தால் என் வண்டி ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுத்தான் அடங்கும். அவன் வண்டி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் போகும். தீவு விரைவுச்சாலையில் பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போது வரும் காற்றிலும் இதே கதைதான். எளிதில் திரும்புகிற வண்டி காற்றுக்கும் எளிதில் திரும்பும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘பழைய வண்டி ஆடுகிறது’ என்று சொல்கிறவர்களில் பலர் பழைய வடிவமைப்பைக் குறை சொல்லவில்லை, தேய்ந்த உதிரிப்பாகங்களைத்தான் குறை சொல்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் கைப்பிடித் தண்டின் பேரிங் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அப்போது வண்டி நேராகப் போவதற்கும் அடம்பிடிக்கும், திரும்புவதற்கும் அடம்பிடிக்கும். ஃபோர்க் எண்ணெயை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். பின் அதிர்வுதாங்கி வெறும் ஸ்பிரிங்காக ஆகியிருக்கும். காக்கி புக்கிட்டில் நான் வண்டி கொடுக்கும் பட்டறைச் சீன அங்கிள், எந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் குனிந்து டயரைத்தான் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். “டயர் ஃபர்ஸ்ட் லா” என்பார். அவர் சொல்வது சரி. வரி நிறைய இருந்தாலும் ரப்பர் வயதாகிக் கெட்டித்துப் போயிருந்தால் அது பிளாஸ்டிக் மாதிரி. இருபது வருஷ வண்டியையும் புது வண்டியையும் ஒப்பிட வேண்டுமானால் முதலில் இரண்டிலும் நல்ல டயர் இருக்க வேண்டும். நான் பேரிங், ஃபோர்க் எண்ணெய், டயர் மூன்றையும் மாற்றிய பிறகுதான் இந்த ஒப்பீட்டையே தொடங்கினேன்.

பின் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கி நிற்கும் கையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஹோண்டா அதற்கு வைத்த பெயர் ‘புரோ ஆர்ம்’. பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான எல்ஃபின் பந்தய வண்டிகளிலிருந்து வந்த யோசனை அது. நீண்டதூரப் பந்தயத்தில் சங்கிலியைத் தொடாமலே சக்கரத்தை மாற்றிவிடலாம். 1980களின் இறுதியில் விஎஃப்ஆர்750ஆர் வண்டியில் வந்து பெயர் வாங்கியது. 150 சிசி வண்டியில் வேலைக்குப் போகிறவனுக்கு அதனால் என்ன பயன் என்றால், உண்மையில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் தாங்கும் சாதாரணக் கை இலேசாகவும் இருக்கும், மலிவாகவும் இருக்கும். ஆனால் வலப்பக்கமிருந்து பார்த்தால் சக்கரம் முழுசாகத் தெரியும். அந்த அழகுக்காகத்தான் நாங்கள் அப்போது கூடுதல் காசு கொடுத்தோம். இப்போதும் பெட்ரோல் நிலையத்தில் யாராவது நின்று பார்த்தால் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இனி எஞ்சின். அக்காவின் பயத்துக்கு ஏதாவது அடிப்படை இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் திராட்டிலை மூடினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். எடை முன்பக்கம் வரும், முன் டயர் தரையை அழுத்தும், வண்டி வளைவின் உள்பக்கமாகக் கொஞ்சம் சுருங்கித் திரும்பும். புதிதாக ஓட்டுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். வளைவுக்குள் வந்த பிறகு ‘அடடா, வேகம் அதிகம்’ என்று தோன்றினால் கை தானாகத் திராட்டிலை விடும், வண்டியும் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஆர்15-இல் இதற்கு மேல் ஒரு வசதி உண்டு. கியரை அவசரமாகக் குறைத்தாலும் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கிளட்ச் கொஞ்சம் நழுவி விட்டுக்கொடுக்கும். அக்கா மகன் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்குத் தட்டும் விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பையன் அதற்கு நன்றாகப் பழகிவிட்டான்.

டூ ஸ்ட்ரோக்கில் இந்த இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. திராட்டிலை மூடினால் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தியது போலத்தான், வண்டி உருண்டுகொண்டே போகும். முன்பக்கம் எடை வராது. வளைவின் வெளிப்பக்கமாக அகன்றுகொண்டே போகும். இடப்பக்க வளைவென்றால் எதிர்த்தடம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே பிரேக், கியர் எல்லாம் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். நீண்ட இறக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. திராட்டில் மூடியிருக்கும்போது எண்ணெய் பம்பும் குறைவாகத்தான் ஊற்றும். எஞ்சின் வேகமாகச் சுழலும், எண்ணெய் போதாது. அதனால் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். பழைய ஆட்கள் இறக்கத்தில் ‘ரிங் ரிங்’ என்று அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்துப் பலர் திமிர் என்று நினைப்பார்கள். பாதித் திமிர், மீதி எண்ணெய்.

இது மூடும்போது. திறக்கும்போது நடப்பது இன்னும் மோசம். என்எஸ்ஆரின் புகை வெளியேறும் வாயிலில் ஒரு வால்வு இருக்கிறது. எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப அந்த வாயிலைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். என் வண்டியில் எட்டாயிரம் சுற்றுகளை ஒட்டி அது முழுதாகத் திறக்கும்போது, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த வண்டி யாரோ முதுகில் தள்ளியது போலப் பாயும். ஆர்15-இலும் வால்வு மாறும் ஏற்பாடு உண்டு, 7,400 சுற்றில். ஆனால் அது மாறுவதைக் கவனித்தால்தான் தெரியும். திராட்டிலை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு சக்தி, சொன்ன பேச்சைக் கேட்கும். என் வண்டியிலோ வளைவின் நடுவில் ஆறாயிரத்தில் திறந்தால் ஒன்றும் வராது. ஒன்றும் வரவில்லையே என்று இன்னும் திறப்போம். அப்போது எல்லாம் ஒரேயடியாக வரும், வண்டி இன்னும் சாய்ந்தே இருக்கும். காய்ந்த சாலையில் அது சிரிப்பை வரவழைக்கும். ஈரத்தில், வெள்ளை அம்புக்குறி மேலே, சிரிப்பு வராது.

மழையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் அங்கே போட்டியே கிடையாது. மழை தொடங்கிய முதல் பத்து நிமிஷத்தில் சாலையில் இருக்கும் எண்ணெய் எல்லாம் மேலே வரும். கட்டுமானப் பகுதிகளில் போட்ட இரும்புத் தகடு கண்ணாடியாகும். அப்போது முன்னால் போகும் கார் திடீரென்று நின்றால் ஆர்15-இல் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் போதும். என் வண்டியில் விரல் நுனியில் டயரின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். கேட்கப் பழக ஆண்டுகள் ஆகும். இதில் பழைய வண்டியை விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறவர்கள் மழையில் ஓட்டாதவர்கள். ஆனால் இன்னொன்றையும் பையனிடம் சொல்லி வைத்தேன். அவன் வண்டியில் இருக்கும் ஏபிஎஸ் சாய்வைக் கணக்கிடாது. நேராக நிற்கும்போதுதான் அது முழுக் காவல். சாய்ந்திருக்கும்போது முழு பலத்தோடு பிடித்தால் அதுவும் கைவிடலாம். இதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. நண்பர்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தார்களாம்.

சொகுசு விஷயத்தில் முடிவு தலைகீழ். பந்தய வண்டி போலத் தோற்றம் வேண்டும் என்று இந்தக்கால வண்டிகளில் கைப்பிடியைத் தாழ்த்தி இருக்கையை உயர்த்திவிட்டார்கள். மணிக்கட்டு வலிக்கிறது. என் மனைவி ஆர்15-இன் பின் இருக்கையில் உட்லண்ட்ஸ் வரை வந்துவிட்டு, “ஸ்டூல் மேல உட்கார வச்சு ஊர்வலம் விட்ட மாதிரி இருக்கு” என்றாள். என்எஸ்ஆரின் பின் இருக்கையும் சோபா அல்ல. எண்ணெய் வாசம் துப்பட்டாவில் இரண்டு நாள் நிற்கும் என்பது அவளுடைய தனிப் புகார்.

கடைசியில் வண்டியைக் கொடுத்தேன். சும்மா சாவியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. இங்கே மோட்டார்சைக்கிள் காப்புறுதி பெரும்பாலும் பெயர் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும்தான். அவன் பெயரைச் சேர்க்க, புது ஓட்டுநர் என்பதால், கேட்ட தொகை கொஞ்சம் கசந்தது. பாதியை அவன் கொடுத்தான். காலை ஏழு மணி, காய்ந்த சாலை, நியோ தியூ பக்கம் மட்டும். முதல் இரண்டு வாரம் ஆறாயிரம் சுற்றுக்கு மேல் போகக்கூடாது, முன்னால் நான் ஆர்15-இல் போவேன், என்னைத் தாண்டக்கூடாது.

பின்னால் வரும் சத்தத்தைக் கேட்டே அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் இது ஒரு வசதி, ஓட்டுகிறவன் எதையும் மறைக்க முடியாது. முதல் வளைவில் திராட்டிலை மூடும் சத்தம் பாதி வளைவில் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால், நான் நினைத்தபடியே, அகன்று நடுக்கோட்டுப் பக்கம் போகிறான். வேகம் குறைவு என்பதால் ஒன்றுமில்லை. ஓரமாக நிறுத்தி என்ன நடந்தது என்று கேட்டேன். “வண்டி நிக்கவே இல்ல மாமா. விட்டா அப்படியே போகுது.” அடுத்த வளைவில் மூடும் சத்தம் கொஞ்சம் முன்னாலேயே வந்தது. நாலாவது வாரம், வளைவுக்கு முன்பே பிரேக், முன்பே கியர், உள்ளே வந்ததும் இலேசாகத் திறந்த திராட்டில். சத்தம் ஒரே சீராக இருந்தது. அன்றைக்கு அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு முதலில் சொன்னது வேகத்தைப் பற்றி இல்லை. “என் வண்டியிலயும் இப்ப முன்னாடியே பிரேக் பிடிக்கிறேன் மாமா” என்றான்.

எட்டாயிரத்தைத் தாண்ட இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

வேலைக்கு நான் இப்போது பெரும்பாலும் ரயிலில் போகிறேன். புது ஈஆர்பி கருவியைக் கைப்பிடியில் மாட்டியிருக்கிறார்கள். அந்த வண்டியிலேயே இந்த நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே பொருள் அதுதான். கெடு முடிந்ததும் பதிவை ரத்து செய்து, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் நசுக்கக் கொடுக்க வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். தாய்லாந்தில் இதற்கு இன்னும் ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பட்டறை அங்கிள் சொல்கிறார். அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் காப்புறுதி புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது பெயரை இந்த வருஷமும் வைக்கலாமா என்று அக்காவிடமே கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நியோ தியூவுக்கு அவளும் வந்து, ஓரமாக நின்று ஒருமுறை பார்க்கட்டும் என்றும் சொன்னேன். “பார்க்கிறேன்” என்றாள். எதைப் பார்க்கிறேன் என்று சொன்னாள் என்பது இன்னும் தெரியவில்லை.